வேப்பங்கொட்டையும் பயிர்ப் பூச்சிகளும்

(திருப்பாலைவனத்தில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவன் பேச எழுந்தால், தவணை கடந்த பாக்கியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயற்கையே. இன்று நான் பேசப்போவது வேப்பங்கொட்டையைப் பற்றி. ஆயினும் இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் அல்ல என்பதை முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். பயிர்க் கடன் வாங்குகிறவர் அப்பணத்தில் ஒரு பகுதியைப் பூச்சி மருந்துக் கடையில் கொடுக்கிறார். பூச்சி மீண்டும் வருகிறது. மீண்டும் கடைக்குப் போகிறார். அறுவடையில் மிஞ்சுவது குறைகிறது, தவணை தவறுகிறது. சங்கத்தின் பேரேட்டில் நான் காணும் பாக்கிகளில் சிலவற்றின் வேர் நெற்பயிரின் அடித்தூரில் இருக்கிறது.

முதலில் என் தவறு ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன், வேறொரு பிர்க்காவில், ஒரு கிராமத்தாரிடம் வேப்பங்கொட்டைச் சாற்றின் பெருமையை மிகவும் எடுத்துரைத்தேன். அவர்களும் நம்பினார்கள். கிடங்கில் சாக்கு மூட்டைகளில் கிடந்த பழைய கொட்டையை எடுத்து இடித்து, ஊறவைத்து, காலை பத்து மணி வெயிலில் தெளித்தார்கள். மறுநாள் காலையில் ஒரு பெரியவர் என்னை வயலுக்கு அழைத்துக்கொண்டு போனார். பயிரைக் கையால் விலக்கிக் காட்டி, "ஐயா, ஒரு பூச்சிகூடச் சாகவில்லையே!" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே அவர் கடனுக்கு மருந்துப் புட்டி வாங்கிவந்தார். அந்த ஊரில் வேம்பின் பேச்சை எடுத்தால் இன்றும் சிரிக்கிறார்கள். குற்றம் வேம்பினுடையது அன்று. அரைகுறையாக அறிந்து சொன்ன என்னுடையது. அதன் பிறகு வேளாண்மை இலாகாவினரைக் கேட்டும், அவர்கள் வெளியிட்ட புத்தகங்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மரம் ஏன் கசக்கிறது?

ஆடு துரத்தினால் கோழி ஓடும். நாய் துரத்தினால் ஆடு ஓடும். செடி எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே நின்று, தன்னைத் தின்ன வருபவற்றை எதிர்க்க வேண்டிய நிலை அதற்கு. ஆகையால் செடிகொடிகள் தம் இலையிலும் பட்டையிலும் விதையிலும் பலவகையான ரசங்களை உண்டாக்கி வைத்துக்கொள்ளுகின்றன. மிளகாயின் காரமும், கடுகின் நெடியும், புகையிலையின் மயக்கமும், வேம்பின் கசப்பும் நமக்காக ஏற்பட்டவை அல்ல. அவை அந்தந்தச் செடியின் கோட்டை மதில்கள்.

இதை நம் வீட்டுப் பெண்மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். நெல் குதிரில் வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு வைப்பதும், பயறு வகைகளில் வசம்புப் பொடியைத் தூவி வைப்பதும், பெட்டியிலுள்ள துணிகளுக்கிடையே உலர்ந்த வேப்பிலையை வைப்பதும் இந்த அறிவினால்தான். எது பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியும்; எதனால் பயன்படுகிறது என்பதையே பிற்காலத்து விஞ்ஞான சாஸ்திரிகள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வெட்டுக்கிளி தொடாத மரம்

1942ஆம் ஆண்டில் ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் ரசாயன சாஸ்திரி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைத் தனியே பிரித்தெடுத்தார். வேம்பின் கசப்பைத் துறைப்படி ஆராயத் தொடங்கியதில் அது ஒரு முக்கியமான படியாகும். 1959ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள ஸூடான் தேசத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கி, பச்சை என்று இருந்ததையெல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போயிற்று. அங்கே இருந்த ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர், அத்தனை அழிவுக்கு நடுவிலும் வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நிற்பதைக் கண்டார். அன்று முதல் வேம்பின் ஆராய்ச்சியே அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று.

நம் நாட்டிலும் அதே சமயத்தில் இவ்விஷயம் பரீட்சிக்கப்பட்டது. புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதான், ஜோத்வானி முதலானோர், வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து நீரில் கரைத்துப் பயிர்மேல் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளிகள் அப்பயிரைத் தின்ன மறுத்தன. இது 1962ஆம் ஆண்டின் செய்தி. மிகவும் பெருந்தீனிக்காரப் பூச்சியாகிய வெட்டுக்கிளியே பட்டினி கிடக்கத் துணிந்ததென்றால், அந்தப் பருப்பில் உள்ள பொருள் சாமானியமானதாய் இருக்க முடியுமா?

அப்பொருளை 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அஸாடிராக்டின் என்று பெயர். அதன் அமைப்பு எத்தகையது என்று ஐயமற அறிவதற்கு 1985ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அதைச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட வேண்டுமென்று ஸ்டீவன் லே என்பவரும் அவருடைய சகாக்களும் முயன்று, 22 வருஷ உழைப்புக்குப் பிறகு 2007ஆம் ஆண்டில் வெற்றி கண்டார்கள். அவர்கள் 22 வருஷம் பாடுபட்டுச் செய்ததை, நம் தெருக்கோடியில் நிற்கும் மரம் ஒவ்வோர் ஆனியிலும் ஆடியிலும் செய்து தரையில் உதிர்த்துவிடுகிறது. நாம் அதன்மேல் நடந்து போகிறோம்.

நண்டு ஓடு கழற்றுவது போல

இந்தப் பொருள் பூச்சியை என்ன செய்கிறது? இங்கேதான் முன்பு நான் தவறினேன். ஆகையால் சற்று நிதானமாகக் கேட்க வேண்டுகிறேன்.

முதலாவது, அது பூச்சியின் வாயைக் கட்டுகிறது. பூச்சிகளுக்கு வாயருகிலும் காலிலும் சுவையை அறியும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. வேப்பஞ்சாறு பட்ட இலையைத் தொட்டவுடன், இது உணவன்று என்று அவ்வுறுப்புகள் அறிவிக்கின்றன. பூச்சி இலைமேலேயே உட்கார்ந்திருக்கும்; ஆனால் தின்னாது, அல்லது மிகக் குறைவாகத் தின்னும்.

இரண்டாவது, அது வளர்ச்சியைத் தடுக்கிறது. குப்பத்துச் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நண்டும் இறாலும் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு பூண வேண்டுமல்லவா? ஓட்டைக் கழற்றிய நண்டு எவ்வளவு மிருதுவாய், திராணியற்றுக் கிடக்கும் என்பதை நீங்கள் கையால் தொட்டு அறிந்தவர்கள். புழுவும் பூச்சியும் அவ்வாறே தோலுரித்து வளருகின்றன. எந்த நாளில் உரிக்க வேண்டும் என்று கட்டளையிடும் ரசம் ஒன்று அவற்றின் உடலில் சுரக்கிறது. அஸாடிராக்டின் அந்தச் சுரப்பைக் குலைத்துவிடுகிறது. உரிக்க வேண்டிய நாளில் புழுவால் உரிக்க முடிவதில்லை. பாதி உரித்த தோலோடு மாண்டுபோகிறது, அல்லது ஊனமாகி விழுகிறது.

மூன்றாவது, தாய்ப்பூச்சி முட்டையிடுவது குறைகிறது. இட்ட முட்டையும் பல சமயங்களில் பொரிப்பதில்லை. இவ்வாறு 400க்கும் மேற்பட்ட பூச்சி வகைகளிடத்தில் வேம்பின் குணம் பரீட்சித்துக் காணப்பட்டிருக்கிறது.

ஆகவே, தெளித்த மறுநாள் வயலுக்குப் போய்ச் செத்த பூச்சியை எண்ணுகிறவர் ஏமாந்து போவார். எண்ண வேண்டியது புதிதாகக் கடிபட்ட இலைகளை. ஐந்தாறு நாள் கழித்துப் பார்த்தால், பழைய சேதம் அப்படியே நிற்க, புதிய சேதம் இல்லாதிருக்கும். கடைச்சரக்கு பூச்சியை உடனே கொல்லும். வேம்பு அதன் வம்சத்தை மெள்ள ஒடுக்கும். அந்தப் பெரியவரிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவே.

செய்முறை

இரண்டாவது தவறு, கொட்டையிலும் காலத்திலும் நேர்ந்தது. அஸாடிராக்டின் வெயிலுக்கு ஆற்றாது. நாட்பட்டாலும் அதன் சக்தி குன்றும். எனவே பின்வரும் முறைகளைக் கவனிக்க வேண்டும்.

கொட்டை சேகரித்தல்: பழுத்து உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்க வேண்டும். சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். சிமெண்டுத் தரையில் வெயிலில் காய வைப்பது கூடாது. நன்றாக உலர்ந்தபின் சாக்கிலோ துணிப்பையிலோ, காற்றுப் புகும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்தது விஷமாகக்கூடும். அதைத் தள்ளிவிட வேண்டும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையை உபயோகிக்கலாகாது.

சாறு எடுத்தல்: 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். ஓடு நீக்கிய பருப்பை இடித்துப் பொடியாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் மரக்கட்டையால் நன்றாகக் கலக்கினால் நீர் பால்போல் வெளுக்கும். அதை இரண்டு மடிப்பாகப் போட்ட மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்க வேண்டும். 200 கிராம் சோப்பைக் குழைத்துக் கலந்தால் சாறு இலையில் ஒட்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல், அதாவது 10 கிலோ பருப்பு பிடிக்கும்.

தெளித்தல்: சாற்றை அன்றன்றே தயாரித்து அன்றன்றே தெளிக்க வேண்டும். பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் தெளித்தால், இரவு முழுவதும் அது வெயில் படாமல் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பக்கத்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தெளித்தவுடன் மழை பெய்தால் மருந்து கழுவிப்போகும். மறுபடி தெளிக்க வேண்டியதே. இதற்காகவும் கையிருப்பு வேண்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

இலைச்சுருட்டுப் புழுவுக்கும், பால் பிடிக்கும் சமயத்தில் வரும் கதிர்நாவாய்ப் பூச்சிக்கும் இந்த 5 சத வீதச் சாறு நல்லது என்று வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் சிபாரிசு செய்கிறார்கள். புகையானுக்கு இச்சாற்றையோ, லிட்டருக்கு 30 மில்லி வீதம் சோப்புடன் கலந்த வேப்பெண்ணெயையோ அடித்தூரில் படும்படி தெளிக்கச் சொல்கிறார்கள்.

தண்டுக்குள் நுழைந்துவிட்ட குருத்துப்பூச்சியை எந்தச் சாறும் எட்டாது. புகையான் வட்டம் வட்டமாய்ப் பயிரைக் கருக்கிய பிறகு வேம்பைத் தேடி ஓடுவதும் வீண். வெள்ளம் தலைக்குமேல் போனபின் வரப்புக் கட்டுவது போன்றதே அது. தூருக்கு ஒரு பூச்சி தென்பட்டால் அப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியே நமக்குக் கூலியில்லாக் காவற்காரன். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவதும், தழைச்சத்து உரத்தை அளவுக்குமேல் போடாதிருப்பதும், தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவதும் புகையானுக்கு முதல் மருந்துகள். அவற்றைச் செய்தவருக்கே வேம்பு கைகொடுக்கும்.

கடுமையான மருந்துகளை மேலும் மேலும் தெளித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேஷியா தேசம் ஒரு சாட்சி. அங்கே மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகிற்று. காரணம், மருந்தினால் முதலில் மாண்டவை புகையானைத் தின்னும் சிலந்திகளும் நன்மை செய்யும் பூச்சிகளுமே. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு உபயோகித்துவந்த 57 வகைப் பூச்சி மருந்துகளை ஒரே உத்தரவில் விலக்கிவிட்டது. இலையைத் தின்பவற்றையே பெரும்பாலும் தாக்குவதால், வேப்பஞ்சாறு சிலந்தியை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. இது அதன் பெரிய குணம்.

மரத்தில் விளைந்தது எல்லாம் சாதுவா?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் மறுபடியும் அரைகுறையாகப் பேசியவனாவேன். செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

புகையிலையில் உள்ள நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். அது நம் நரம்பையும் விடாது. புகையிலைக் கஷாயம் தோலில் பட்டாலே உள்ளே இறங்கும். டெர்ரிஸ் என்ற ஒரு கொடி இனத்தின் வேரை இடித்து நீரில் கலந்து, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தென்கிழக்காசியத் தீவுகளில் உண்டு. அதே வேரின் பொடியை வெள்ளைக்காரர்கள் தோட்டத்துப் பூச்சிகளுக்குத் தூவினார்கள். அதில் உள்ள ரோட்டினோன் என்னும் பொருள் உயிரணுக்கள் பிராணவாயுவை உபயோகிக்கவொட்டாமல் தடுப்பதால், பூச்சிக்கும் யமன், மீனுக்கும் யமன். பைரீத்ரம் என்பது ஒருவகைச் சாமந்திப் பூ. அதன் பொடியிலிருந்துதான் ஆதியில் கொசுவர்த்திச் சுருள் செய்தார்கள். அப்பூவின் சத்தைப் பார்த்து, அதைப் போலவே ரசாயனச் சாலைகளில் செய்யப்பட்டவை இன்று கடைகளில் விற்கும் பைரீத்ராய்டு மருந்துகள். பூவின் சத்து வெயிலில் சீக்கிரம் அழியும். செயற்கைச் சரக்கோ நீடித்து நிற்கும். மீனுக்கும் இறாலுக்கும் அது மிகக் கொடிய நஞ்சு.

இந்த ஊரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வேன்? இப்பக்கத்து வயல்களின் வடிகால் ஓடையில் விழுகிறது. ஓடை நீர் ஆரணியாற்றோடும் கால்வாய்களோடும் கூடிப் பழவேற்காட்டு ஏரியைச் சேருகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்ததாகிய அந்த ஏரியின் ஓரங்களில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருகின்றன. மேட்டில் இருக்கும் அங்கத்தினர் வரப்பை வெட்டி மருந்து நீரை விட்டால், பள்ளத்தில் இருக்கும் அங்கத்தினரின் வலை வெறுமையாகும். ஒரே சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் இருவர், ஒருவர் கடனை அடைக்கும் முயற்சியில் மற்றவரைக் கடனாளியாக்கலாமா?

வேம்பு இவற்றைவிட மிகவும் சாது. சில நாளில் தானே அழிந்துபோகும். எனினும் நண்டும் இறாலும் பூச்சியைப் போலவே ஓடு கழற்றும் பிராணிகள் என்று சற்றுமுன் சொன்னேன். பூச்சி தோலுரிக்கக் கட்டளையிடும் ரசமும் அவற்றின் உடலில் உள்ள ரசமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆகையால் வேப்பஞ்சாறு கலந்த பாத்திரத்தையும் தெளிப்பானையும் வாய்க்காலிலோ குளத்திலோ கழுவலாகாது. மேட்டு நிலத்தில் கழுவிக் கொட்ட வேண்டும். தெளித்த வயலின் நீரை உடனே வெளியே விடாமல் சில நாள் வரப்புக்குள் நிறுத்த வேண்டும். கடை மருந்து வாங்கியே தீர வேண்டிய சமயத்தில் இந்த எச்சரிக்கை பன்மடங்கு அவசியமாகிறது.

சங்கம் செய்ய வேண்டியது

இனி என் சொந்த இலாகாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஏக்கருக்கு ஒருமுறை தெளிக்க 10 கிலோ பருப்பு வேண்டும் என்றேன். நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் தரும். பழத்தின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே பருப்பு. எனவே ஒரு மரத்துக்கு 3 முதல் 5 கிலோ. ஏக்கருக்கு ஒருமுறை தெளிக்க இரண்டு மூன்று மரங்களின் விளைவு வேண்டும். 100 ஏக்கருக்கு ஏறக்குறைய 200 முதல் 330 மரங்கள் வேண்டும். எந்தத் தனிக் குடியானவரிடம் அத்தனை மரம் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லை. ஆனால் சாலையோரம், கோயில் வெளி, பள்ளிக்கூடத் திடல், புறம்போக்கு, வீட்டுக் கொல்லை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால், ஊரிடம் இருக்கிறது. தனியாருக்கு எட்டாததும் ஊருக்கு எட்டுவதுமான காரியங்களுக்காகவே கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்ட கிராம ஐக்கிய நாணய சங்கம் எங்கே தோன்றியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று நம் திருவள்ளூர் ஜில்லாவில் உள்ள திரூரில், 1904ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கும் வெகுகாலம் முன்னிருந்தே, ஏரியில் எந்தப் பாட்டில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை பழவேற்காட்டுக் குப்பங்களில் நடந்துவருகிறது. முறை தவறாமல் பகிர்ந்துகொள்வது எப்படி என்று உங்களுக்குக் கற்பிக்க நான் யார்? ஏரியில் செய்வதை மரத்தடியிலும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் கோருவது மூன்று காரியங்கள்.

ஒன்று: ஆனி, ஆடி மாதங்களில் சங்கம் வேப்பங்கொட்டையை வாங்கட்டும். பொறுக்கிக் கொண்டுவரும் தாய்மார்களுக்கு அன்றே எடை போட்டு அன்றே பணம் கொடுக்க வேண்டும். வலைத் தொழிலும் வயல் வேலையும் மந்தமாயிருக்கும் நாட்களில் வரும் அச்சிறு வருமானம் ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கும்.

இரண்டு: மூட்டைதோறும் சேகரித்த தேதியை எழுதிக் கட்டட்டும். ஆடியில் சேகரித்த கொட்டை எட்டு மாதக் கணக்குப்படி பங்குனி வரை செல்லும். சம்பாப் பயிரில் பூச்சி வரும் காலமும், அதற்குப் பின் நவரைப் பயிரின் பெரும்பகுதியும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. மரத்தின் பருவமும் பயிரின் பருவமும் இவ்வளவு பொருந்தியிருக்க, நாம் மட்டும் பொருந்தாமல் இருக்கலாமா? மேலும் பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து தெளிக்க வேண்டும். ஒரு வயலில் மட்டும் தெளித்தால், பூச்சி வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் விருந்துண்ணும்.

மூன்று: சங்கத்தில் ஒரு பதிவேடு வைக்கட்டும். எந்தத் தேதியில், யார் வயலில், எந்தப் பூச்சிக்கு, எத்தனை மாதக் கொட்டை தெளித்தோம், பலன் என்ன என்பதைப் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் எழுத வேண்டும். பதிவேடு என்றால் இன்ஸ்பெக்டரின் பைத்தியம் என்று சிரிக்காதீர்கள். எழுதி வைக்காததனால் வரும் கஷ்டத்துக்கு வேம்பே உதாரணம்.

1994ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பேடண்டு அலுவலகம், வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளின் பூஞ்சண நோயைத் தடுக்கும் ஒரு முறைக்கு, அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகாவுக்கும் கிரேஸ் என்ற கம்பெனிக்கும் தனியுரிமை வழங்கிற்று. 1995ஆம் ஆண்டில் நம் நாட்டு வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்த மக்தா ஆல்வோயட் அம்மையாரும், சர்வதேச இயற்கை விவசாய இயக்கங்களின் சம்மேளனமும் சேர்ந்து அதை ஆட்சேபித்தார்கள். இது இந்தியாவில் முன்னமே வழங்கிவந்த முறை என்று சாட்சியத்தோடு காட்டிய பிறகே, 2000ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி அந்த உரிமை ரத்தாயிற்று. அதன்மேல் செய்த அப்பீலும் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் தேதி தள்ளுபடியாயிற்று. நம் பாட்டிமார் அறிந்ததை நம்முடையது என்று நிரூபிக்கப் பத்து வருஷம் வழக்காட வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சொத்துக்குப் பத்திரம் வைத்திருக்கிறோம்; நம் வீட்டு அறிவுக்கும் ஒரு பத்திரம் வேண்டாமா?

வேம்பின் பயன் பூச்சியோடு நிற்பதில்லை. பிண்ணாக்கையும் எண்ணெயையும் யூரியாவோடு சேர்த்தால் உரத்தின் சத்து மெள்ள வெளிப்பட்டுப் பயிருக்கு நின்று உதவும். இதனை ஒப்புக்கொண்டே 2015ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசும்படி உத்தரவு செய்தது. வெளுத்த நிறத்தில் வந்துகொண்டிருந்த மூட்டையில் கசப்பு வாடை வந்தது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை.

அங்கத்தினர்களே, நான் உங்களை மருந்துக் கடைக்கு ஒருபோதும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போவதற்கு முன் மரத்தடிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றே சொல்லுகிறேன். இவ்வளவையும் கேட்டபின் ஒருவேளை நீங்கள் முழுமனத்தோடு நம்பாதிருக்கலாம், அதுவும் நியாயமே. அப்படியானால் இந்தச் சம்பாவில் சங்கத்தார் ஒரே ஒரு வயலை, அதிலும் கால்வாயை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, பாதியில் வேப்பஞ்சாற்றைத் தெளித்து, மற்றப் பாதியை அப்படியே விட்டுப் பாருங்கள். தெளித்த ஏழாம் நாள் நானும் வருகிறேன். செத்த பூச்சியை எண்ணாமல், கடிபடாத இலையைச் சேர்ந்து எண்ணுவோம். எண்ணியதைப் பதிவேட்டில் எழுதுவோம். பலன் இல்லையென்றால் அதையும் என் கையெழுத்தோடு எழுதி வைக்கிறேன்.